ஸ்ப்ரே அடித்தும் கரப்பான் ஏன் திரும்ப வருகிறது? வீட்டுப் பூச்சிகளை விரட்டும் முறை

கண்ணில் பட்ட கரப்பானை அடிப்பது ஒரு வேலை. கரப்பான் குடித்தனத்தையே காலி செய்வது வேறு வேலை. ஸ்ப்ரே டப்பா முதல் வேலைக்குத்தான் உதவும். இடுக்கில் பதுங்கியிருக்கும் குஞ்சுகளுக்கும், ஓட்டுக்குள் இருக்கும் முட்டைகளுக்கும் அதனால் ஒன்றும் ஆவதில்லை. எறும்பு, கரையான், எலிக்கும் இதே கணக்குதான். வந்திருப்பது எது, எங்கே தங்குகிறது, எந்த வழியாக நுழைகிறது என்று முதலில் தெரிந்துகொண்டு, அதற்குரிய மருந்தை அதற்குரிய இடத்தில் மட்டும் வைத்தால் செலவும் குறையும், வீட்டுக்குள் தெளிக்கும் விஷமும் குறையும்.

எந்தக் கரப்பான் என்று பாருங்கள்

நம் வீடுகளில் தொல்லை கொடுப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. சின்னது அரை அங்குலம் இருக்கும். வெளிர் பழுப்பு நிறம், தலைக்குப் பின்னால் நெடுக்காக இரண்டு கறுப்புக் கோடுகள். இதை ஜெர்மன் கரப்பான் என்பார்கள். வீட்டுக்குள்ளேயே பிறந்து, வளர்ந்து, பெருகுவது இதுதான். பெரியது ஒன்றரை அங்குலம் வரும். செம்பழுப்பு நிறம், சமயத்தில் பறக்கவும் செய்யும். அது அமெரிக்கக் கரப்பான். சாக்கடையும் செப்டிக் டேங்கும் மேன்ஹோலும்தான் அதன் வீடு. நம் வீட்டுக்கு அது குழாய் வழியாக ஏறி வருகிறது.

இந்த வித்தியாசம் தெரியாமல் செய்யும் செலவு முக்கால்வாசி வீண். பாத்ரூமில் பெரிய கரப்பான் வருகிற வீட்டில் அடுப்படி முழுக்க மருந்து வைத்துப் பயனில்லை. சின்னது பெருகிவிட்ட வீட்டில் சாக்கடை ஜாலியை மாற்றினாலும் ஒன்றும் நடக்காது.

சின்னதின் பெருக்கம்தான் பயமுறுத்தும். பெண் கரப்பான் ஒரு முட்டைப்பையில் முப்பது நாற்பது முட்டைகளை வைத்து, பொரிக்கும் தறுவாய் வரை அதை வயிற்றின் நுனியிலேயே சுமந்து திரியும். ஆயுளில் இப்படி நாலைந்து பைக்குக் குறையாது. நம் ஊர் வெக்கைக்கு, குஞ்சு பொரித்து இரண்டு மாதத்தில் அதுவும் முட்டையிடத் தயார். பகலிலேயே கண்ணில் படுகிறது என்றால் ஒளிய இடம் போதாத அளவுக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இவை நடந்து வந்து குடியேறுவதில்லை. பெரும்பாலும் நாமே தூக்கி வருகிறோம். மளிகைக் கடை அட்டைப்பெட்டி, முட்டை அட்டை, காய்கறிச் சாக்கு, பழைய விலைக்கு வாங்கிய ஃப்ரிட்ஜ், வீடு மாறும்போது கட்டிய பெட்டிகள், எல்லாமே வாகனம்தான். அட்டையின் நெளிநெளி மடிப்புக்குள் முட்டைப்பையும் குஞ்சும் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும். சாமானை வெளியே எடுத்து வைத்துவிட்டு அட்டையை அன்றைக்கே வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள். பரணில் அடுக்கி வைக்கும் பழக்கம் இருந்தால் அதை விடுவதுதான் முதல் மருந்து.

எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது

ராத்திரி சமையலறை விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சோடு போய்ப் பாருங்கள். கரப்பானுக்குச் சூடு, ஈரம், இடுக்கு மூன்றும் வேண்டும். ஃப்ரிட்ஜின் பின்பக்கம் மோட்டாரைச் சுற்றி மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும். அடுத்து ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பர் மடிப்பு, மிக்ஸியின் அடிப்பாகம், சிங்க்குக்குக் கீழே குழாய் சுவருக்குள் போகும் ஓட்டை, அலமாரிக் கதவின் கீல், டிராயர் ஓடும் ரெயில், கிரானைட் மேடைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள கோடு, காஸ் சிலிண்டர் வைக்கும் மூலை. கூட்டமாகத் தங்கும் இடத்தில் மிளகுத்தூள் சிந்தினது போல எச்சம் கிடக்கும். எண்ணெய்ச் சிக்கு கலந்த ஒரு நாற்றமும் இருக்கும்.

இன்னும் துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் பசை அட்டை ஐந்தாறு வாங்கி, சந்தேகப்படும் இடங்களில் சுவரை ஒட்டி வையுங்கள். மூன்று ராத்திரி கழித்து எந்த அட்டையில் அதிகம் ஒட்டியிருக்கிறதோ, முக்கியமாகக் குஞ்சுகள் எங்கே அதிகமோ, அதைச் சுற்றிய இரண்டு மூன்று அடிக்குள்தான் இருப்பிடம். குஞ்சுகள் தூரம் போகாது. பசை அட்டை கூட்டத்தை ஒழிக்காது. இடத்தைக் காட்டும், பிறகு மருந்து வேலை செய்கிறதா என்றும் காட்டும்.

ஜெல் வைக்கும் முறை

சின்னக் கரப்பானுக்கு இன்றைக்கு இருப்பதில் உருப்படியான மருந்து ஜெல். ஊசிக் குழாயில் அடைத்து விற்கிறார்கள். இமிடாகுளோபிரிட் 2.15% அல்லது ஃபிப்ரோனில் 0.05% என்று அதில் அச்சிட்டிருக்கும். தின்ற கரப்பான் உடனே சாகாது. இடுக்குக்குத் திரும்பிப் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் உடலையும் குஞ்சுகள் தின்னும்; அவையும் சாகும். வெளியே வராத குஞ்சுகளையும் எட்டக்கூடிய நல்ல வழி இது.

வைப்பதற்கு முந்தின நாள் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காய விடுங்கள். பிசுக்கின்மேல் ஜெல் ஒட்டாமல் வழியும். தூசி மேல் வைத்தால் ஒரே நாளில் காய்ந்துவிடும். பிறகு கடுகை விடக் கொஞ்சம் பெரிய பொட்டாக, மூன்று நான்கு மில்லிமீட்டர் அளவில், இடுக்குகளுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். சாதாரணச் சமையலறைக்கு இருபது பொட்டு, கூட்டம் அதிகமென்றால் நாற்பது. நாலு பெரிய உருண்டையாக வைப்பதில் பிரயோஜனமில்லை. கரப்பான் தன் இடுக்கிலிருந்து நாலு தப்படிக்குள் கிடைப்பதைத்தான் தின்னும் என்பதால் பொட்டின் எண்ணிக்கைதான் முக்கியம். ஸ்விட்ச் போர்டுக்குள்ளும், பாத்திரம் சாப்பாடு படும் பரப்பிலும், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்திலும் வைக்கக் கூடாது.

மூன்றாம் நாள் பகலில் ஒன்றிரண்டு தள்ளாடிக்கொண்டு வெளியே வரும், மல்லாந்து கிடக்கும். மருந்து பிடித்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அந்த நேரத்தில் பதறிப்போய் ஸ்ப்ரே அடிப்பவர்கள்தான் அதிகம். காரியம் கெடுவதும் அங்கேதான். ஸ்ப்ரேயில் இருக்கும் பைரித்ராய்டு என்ற பூச்சி மருந்தின் வாடை பட்டால் கரப்பான் ஜெல்லின் பக்கம் வராது. ஜெல் வைப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து, வைத்து ஒரு மாதம் வரை, அந்த அறையில் ஸ்ப்ரேயும் எறும்புச் சாக்பீஸும் வேண்டாம். பொட்டு வைத்த இடங்களை ஃபினாயில் போட்டுத் துடைக்கவும் வேண்டாம். கண்ணெதிரே ஓடுவதை அடிக்காமல் இருக்க முடியாது என்றால், அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் தேய்க்கும் திரவத்தைக் கலந்து பீச்சும் பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். சோப்புத் தண்ணீர் அதன் மூச்சுத் துளைகளை அடைத்துக் கொன்றுவிடும், வாடையும் தங்காது.

பத்தாம் நாள் பார்த்து, தின்று தீர்ந்த இடத்தில் மறுபடி வையுங்கள். முட்டைப்பைக்குள் இருந்தவை பொரிந்து வெளியே வரும் காலம் என்பதால் மூன்றாம் வாரம் இன்னொரு சுற்று கட்டாயம். முதல் சுற்றோடு நிறுத்தினால் இரண்டு மாதத்தில் பழைய கதைதான்.

ஜெல் வைத்தும் தொடவே இல்லையா? முதலில், ராத்திரி சிங்க்கில் எச்சில் பாத்திரம் கிடக்கிறதா பாருங்கள். சோறும் குழம்பும் கிடைக்கும்போது ஜெல்லை எதற்குத் தின்ன வேண்டும்? குப்பைக்கூடைக்கு மூடி வேண்டும், அடுப்பின் பர்னருக்குக் கீழே சிந்தியதைத் துடைக்க வேண்டும், சிங்க்கை ராத்திரி காய்ந்த துணியால் ஒரு தடவை துடைத்துவிட வேண்டும். ஜெர்மன் கரப்பான் சோறில்லாமல் வாரக்கணக்கில் தாங்கும். தண்ணீர் இல்லாமல் அவ்வளவு தாங்காது. சொட்டும் குழாயின் வாஷரை மாற்றுவதும் பூச்சி மருந்துதான். இதையெல்லாம் செய்தும் தின்னவில்லை என்றால் வேறு மருந்துப் பெயர் உள்ள ஜெல்லுக்கு மாறுங்கள். ஜெல்லின் இனிப்பான குளுக்கோஸையே ஒதுக்கும் கரப்பான் கூட்டங்கள் உண்டு என்பது ஆராய்ச்சியில் உறுதியானதுதான்.

போரிக் பவுடரும் நல்ல மருந்தே. கேரம் போர்டுக்குப் போடுகிறோமே, அதேதான், மருந்துக் கடையிலும் கிடைக்கும். தூவுவதென்றால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிய படலமாகத் தூவ வேண்டும். குவியலாகக் கொட்டினால் கரப்பான் சுற்றிக்கொண்டு போய்விடும். ஃப்ரிட்ஜுக்கு அடியில், மாடுலர் கிச்சனின் கால்களுக்குப் பின்னால் என்று நனையாத இடங்களில் மட்டும். உருண்டையாக வைக்க விரும்பினால் போரிக் பவுடர் இரண்டு மேசைக்கரண்டி, கோதுமை மாவு இரண்டு, பொடித்த சர்க்கரை ஒன்று, பிசையக் கொஞ்சம் பால். சுண்டைக்காய் அளவு உருட்டி மூலைகளில் வைத்து, காய்ந்து கல்லானதும் மாற்றிவிடுங்கள். இதை வீட்டு வைத்தியம் என்று நினைத்து அலட்சியமாக இருக்க வேண்டாம். குழந்தையோ நாயோ தின்றால் விஷம்தான்.

பாத்ரூமில் வரும் பெரியது

இதற்கு மருந்தை விட அடைப்புதான் வேண்டும். தரையில் தண்ணீர் போகும் ஜாலிக்குக் கீழே நானி ட்ராப் என்று ஒரு வளைவு இருக்கும். அதில் எப்போதும் இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கும். சாக்கடை நாற்றமும் கரப்பானும் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். யாரும் புழங்காத பாத்ரூமில் அது வற்றிவிடும், கதவு திறந்த மாதிரி ஆகிவிடும். ஊருக்குப் போய்த் திரும்பும்போது பாத்ரூம் முழுக்கக் கரப்பான் கிடப்பதற்குக் காரணம் இதுதான். வாரத்துக்கு ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றினால் போதும். ஒரு மாதம் பூட்டிப் போவதானால் தண்ணீரை நிரப்பி, மேலே இரண்டு மேசைக்கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள், வற்றுவது குறையும்.

வாஷ்பேசினிலிருந்தும் சமையலறைச் சிங்க்கிலிருந்தும் வரும் நெளிவுக் குழாயைத் தரை ஓட்டைக்குள் சும்மா சொருகி வைத்திருப்பார்கள். சுற்றிலும் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருக்கும். அதற்கென்று ரப்பர் வளையம் விற்கிறது; இல்லையென்றால் எம்-சீல் அல்லது ஒயிட் சிமென்ட் வைத்து அடையுங்கள். செப்டிக் டேங்க்கின் காற்றுக் குழாய் உச்சியில் கொசுவலைத் துண்டைக் கம்பியால் கட்டுங்கள். கியூலெக்ஸ் என்ற கொசு வகை செப்டிக் டேங்க்கிலும் பெருகும். அதுவும் சேர்ந்து அடைபடும். ஐப்பசி அடைமழையில் சாக்கடை நிரம்பும்போது கரப்பான் மேலேறி வரும் என்பதால் இந்த வேலைகளைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுவது நல்லது.

ஓட்டைக்குள் அந்துருண்டை போட்டு வைப்பதால் பெரிய பலனில்லை. அந்துருண்டையில் நாஃப்தலீன் இருந்தால் அந்த வாடையே கெடுதல். ஜி6பிடி குறைபாடு (ரத்தத்தில் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள பச்சைக் குழந்தைக்கு அது ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். குழந்தைத் துணி வைக்கும் பீரோவில் அந்துருண்டையே வேண்டாம்.

எறும்பு

பிள்ளையார் எறும்பு கடிக்காது, நாலு நாள் சுற்றிவிட்டுப் போய்விடும். சர்க்கரை டப்பாவிலும் சாப்பாட்டிலும் மொய்க்கும் சிற்றெறும்புதான் பிரச்சினை. வரிசையாகப் போகும் எறும்பைப் பார்த்ததும் அடிக்காதீர்கள். அந்த வரிசைதான் புற்று இருக்கும் இடத்தைக் காட்டுகிறது. தவிர, சில சின்ன எறும்பு வகைகளில் ஒரே கூட்டத்தில் பல ராணிகள் இருக்கும். ஸ்ப்ரே அடித்தால் கூட்டம் பிரிந்து இரண்டு மூன்று புற்றாகிவிடும்.

இனிப்பு மருந்து இப்படி: வெதுவெதுப்பான தண்ணீர் 200 மில்லி, சர்க்கரை நாலு தேக்கரண்டி, போரிக் பவுடர் அரைத் தேக்கரண்டி. நாட்டு மருந்துக் கடை வெங்காரத்தையும் இதே அளவில் பயன்படுத்தலாம். முழுக்கக் கரைந்ததும் பஞ்சை நனைத்து, பாட்டில் மூடியில் வைத்து, வரிசைக்குப் பக்கத்தில் விடுங்கள். முதல் நாள் எறும்பு கூட்டமாக வந்து மொய்க்கும், வரட்டும். மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் வரத்து குறையும். அதிகம் போட்டால் வேகமாகச் சாகும் என்று ஒரு கரண்டி கூடப் போட்டுவிடாதீர்கள். வேலைக்கார எறும்பு புற்றுக்குப் போய்ச் சேர்வதற்குள் செத்துவிட்டால் ராணிக்கு மருந்து போகாது. இனிப்பைத் தொடவில்லை என்றால் அதே போரிக் பவுடரை ஒரு சிட்டிகை வேர்க்கடலை விழுதில் கலந்து வையுங்கள். எறும்புக்குச் சில சமயம் எண்ணெயும் புரதமும்தான் தேவைப்படும்.

மஞ்சள்தூள் கோடு போடுவது எறும்பை வேறு வழியில் திருப்பும், அவ்வளவுதான். தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் பாத்திரத்தை வைக்கும் பழைய முறை இன்றைக்கும் நன்றாகவே வேலை செய்கிறது. தண்ணீர் மேல் தூசி படிந்தால் எறும்பு அதன்மேல் நடந்து போய்விடும், அதனால் தினமும் தண்ணீரை மாற்றி ஒரு சொட்டுச் சோப்பு விடுங்கள்.

கரையான்

எல்லாப் பூச்சியிலும் காசுக்கு வேட்டு வைப்பது இதுதான். சுவரிலோ கதவு நிலையிலோ பென்சில் தடிமனில் மண் குழாய் ஏறியிருந்தால் கரையான். மண்ணே இல்லாமல் மரத்தில் குண்டூசித் துளைகள் விழுந்து, கீழே முகப்பவுடர் மாதிரி மாவு கொட்டினால் அது மரத்தை உளுக்க வைக்கும் வண்டு. கரையானுக்கான மண் சிகிச்சை அதற்குப் பயன்படாது.

மண் குழாயைப் பார்த்ததும் துடைப்பத்தால் தட்டிவிட்டு மண்ணெண்ணெய் பூசுவது வழக்கம். இரண்டு வாரத்தில் ஓர் அடி தள்ளி இன்னொரு குழாய் ஏறும். கூடு பூமிக்குள் இருக்கிறது, ராணியும் அங்கேதான். சுவரில் வந்தவை வேலைக்காரர்கள் மட்டும். குழாயின் நடுவில் ஓர் அங்குலம் மட்டும் உடைத்துவிட்டு இரண்டு நாள் விடுங்கள். ஈரமண் வைத்து அடைத்திருந்தால் உள்ளே உயிரோட்டம் இருக்கிறது. அப்படியே கிடந்தால் அது பழைய, கைவிட்ட குழாய்.

ஒரே ஒரு கதவு நிலையில் மட்டும் இருந்தால் நீங்களே செய்யலாம். நிலையின் கண்ணில் படாத பக்கத்தில், கீழ்நோக்கிச் சரிவாக, 3 மில்லிமீட்டர் துளைகளை அரை அடிக்கு ஒன்றாக மரத்தின் நடுப்பகுதி வரை போட்டு, கடையில் ரெடியாகக் கிடைக்கும் மரக் கரையான் மருந்தை ஊசியால் செலுத்துங்கள். ஊறி வெளியே கசியும் வரை விட்டு, மறுநாள் இன்னொரு தடவை. பிறகு மர மக்கு வைத்துத் துளையை அடைத்துவிடலாம். மரம் தொட்டால் பொத்தென்று உள்ளே போகிறது என்றால் மருந்து வீண், மாற்றத்தான் வேண்டும்.

இரண்டு மூன்று இடத்தில் ஏறியிருந்தால் மண்ணுக்கே மருந்து போக வேண்டும். கட்டி முடித்த வீடுகளுக்கான முறையை ஐஎஸ் 6313 என்ற இந்தியத் தரவிதியின் மூன்றாம் பகுதி சொல்கிறது. தரையும் சுவரும் சேரும் மூலையில் அடிக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளை போட்டு, மண் இனி குடிக்காது என்னும் வரை, அதிகபட்சம் துளைக்கு ஒரு லிட்டர் கரைசலைச் செலுத்தி, சிமென்ட் வைத்து அடைக்க வேண்டும். இமிடாகுளோபிரிட் 30.5% என்றால் லிட்டருக்கு 2.1 மில்லி. குளோர்பைரிஃபாஸ் 20% என்றால் 1% கரைசலுக்கு லிட்டருக்கு 50 மில்லி. இரண்டில் முதலாவதையே கேளுங்கள். குளோர்பைரிஃபாஸ் பட்ட கரையான் சீக்கிரமே செத்துவிடும், கூட்டத்துக்குள் அதைக் கொண்டு போவது குறைவு. இமிடாகுளோபிரிட் இருப்பது அதற்குத் தெரிவதில்லை. அதில் நடந்து போய்க் கூட்டத்துக்குள் பரப்பும்.

வேலைக்கு ஆள் வரும்போது பக்கத்தில் நின்று துளைகளை எண்ணுங்கள். பத்தடிச் சுவருக்குப் பத்துத் துளை இருக்க வேண்டும். மூன்று போட்டுவிட்டு நகர்ந்தால் மீதி ஏழு அடிக்கு மருந்தே போகவில்லை. தரைக்குள் தண்ணீர்க் குழாயும் ஒயரும் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று முன்பே காட்டிவிடுங்கள். கிணறு, போர்வெல், சம்ப் இருக்கும் ஓரத்தில் துளை போடவே விடாதீர்கள்.

மருந்து அடித்த வீட்டிலும் சுவரில் ஈரம் இருந்தால் கரையான் திரும்பும். பாத்ரூம் சுவருக்கு மறுபக்கம் இருக்கும் பீரோவைத்தான் அது முதலில் பிடிக்கும். மர அலமாரியைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள், புத்தகக் கட்டையும் துணி மூட்டையையும் தரையில் போடாதீர்கள். முதல் மழைக்கு ஈசல் வெளியிலிருந்து விளக்கைத் தேடி வந்தால் கவலையில்லை, விளக்கை அணைத்தால் போய்விடும். வீட்டுக்குள் சுவர் வெடிப்பிலிருந்தோ நிலையின் அடியிலிருந்தோ ஈசல் புறப்பட்டு வந்தால் கூடு வீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது, தள்ளிப் போடாதீர்கள்.

எலி

நீண்ட மூக்கும் ஒரு மாதிரி நாற்றமுமாகச் சுவரோரம் கீச்கீச்சென்று ஓடுவது மூஞ்சூறு. அது பூச்சி தின்னும், கரப்பானையும் தின்னும், விட்டுவிடலாம். சுண்டெலிக்கு ஒரு பென்சில் நுழையும் ஓட்டை போதும், வீட்டெலிக்குக் கட்டைவிரல் நுழைந்தால் போதும். காஸ் குழாய், ஏசி குழாய், கேபிள் ஒயர் வரும் ஓட்டைகளில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து மேலே சிமென்ட் பூசுங்கள். வெறும் சிமென்ட்டையும் தெர்மாகோலையும் எலி கொறித்துவிடும்.

பொறியைச் சுவரை ஒட்டி, வாய் சுவர்ப் பக்கம் பார்க்க வையுங்கள். மசால் வடையோ சுட்ட தேங்காய்ச் சில்லோ கருவாடோ எதுவும் சரி. வீட்டெலி புதிய பொருளைக் கண்டால் மூன்று நாலு நாள் கிட்டே வராது. அதனால் முதல் நாலு நாள் பொறியை விசையேற்றாமல் தீனியை மட்டும் வைத்துத் தின்னப் பழக்கி, ஐந்தாம் நாள் விசையை ஏற்றுங்கள். சுண்டெலிக்கு இந்தப் பயமில்லை, முதல் ராத்திரியே மாட்டும்.

விஷம் வைத்தே ஆக வேண்டுமென்றால் புரோமடியோலோன் 0.005% கட்டி. தின்ற எலி சாக மூன்று நாளுக்கு மேல் ஆகும். ஃபால்ஸ் சீலிங்குக்குள் போய்ச் செத்தால் பத்து நாள் நாறும். வளர்ப்பு நாயோ குழந்தையோ தின்றுவிட்டால் வைட்டமின் கே மாற்று மருந்து இருக்கிறது, ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கட்டியின் உறையையும் எடுத்துக்கொண்டு போங்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டைத் தொடவே தொடாதீர்கள். ஈரலை அழிக்கும், மாற்று மருந்து கிடையாது, தமிழ்நாட்டில் தடையும் செய்திருக்கிறார்கள். நெல் மூட்டைக்குப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையையும் வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள். ஈரம் பட்டால் அதிலிருந்து பாஸ்பின் வாயு கிளம்பும். 2024 நவம்பரில் குன்றத்தூரில் எலி மருந்து வைத்த வீட்டில் ஜன்னலைச் சாத்தி ஏசி போட்டுத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்தன. எலிக்கு எந்த மருந்து வைத்தாலும் படுக்கிற அறையில் வைக்காதீர்கள்.

மூட்டைப்பூச்சி, அரிசி வண்டு

மூட்டைப்பூச்சிக்குப் பொதுவான ஸ்ப்ரேக்கள் இப்போது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. சூடுதான் வழி: போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் 60 டிகிரி வெந்நீரில் ஊற வைத்துத் துவையுங்கள். கட்டிலைக் கழற்றி மூட்டுகளில் கொதிநீர் விடுங்கள். மெத்தையை வெயிலில் போட்டால் மேல்பக்கம் சுடும், உள்ளே சுடாது; பூச்சி உள்ளே போய்விடும். அதனால் மெத்தையை ஜிப் உறைக்குள் முழுசாக மூடி ஒரு வருஷம் திறக்காமல் விடுவதே நல்லது. முட்டை பொரிக்கப் பத்து நாள் வரை ஆகும், எனவே இரண்டு வாரம் கழித்து எல்லாவற்றையும் இன்னொரு தடவை செய்யுங்கள்.

அரிசி வண்டு வெளியிலிருந்து வருவதை விட மூட்டையோடு வருவதுதான் அதிகம். தாய் வண்டு அரிசியைக் குடைந்து உள்ளேயே முட்டை வைத்திருக்கும். ஐந்து கிலோவுக்குள் வாங்குபவர்கள் நாலு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் முட்டையும் சாகும். வசம்பும் காய்ந்த வேப்பிலையும் புது வண்டு வருவதைக் குறைக்கும், ஏற்கெனவே உள்ளே இருப்பதைக் கொல்லாது. ரவையை வறுத்து, ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள். பழைய டப்பாவில் மிச்சம் இருப்பதன் மேலேயே புதுச் சரக்கைக் கொட்டும் பழக்கம்தான் வண்டை வருஷக்கணக்கில் காப்பாற்றி வைக்கிறது.

ஆள் கூப்பிடுவதானால்

வேளாண்மைத் துறை கொடுத்த பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் இருக்கிறதா, என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்று கேட்டு, மருந்தின் பெயரைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். 'ஹெர்பல், வாசனை இல்லாதது' என்று விற்கப்படுவது பல இடங்களில் மேலே சொன்ன அதே ஜெல்தான். அது தப்பில்லை; மூலிகை என்று நம்பிக் குழந்தையைப் பக்கத்தில் விளையாட விடுவதுதான் தப்பு. கரப்பானுக்கு ஒரே ஒரு தடவை வந்து போகும் ஒப்பந்தம் வேண்டாம். மூன்று வாரத்தில் இரண்டாவது வருகை அதே விலைக்குள் இருக்க வேண்டும்.

நீங்களே வாங்கும் டப்பாவில், விஷத்தின் கடுமையைக் காட்டும் சாய்சதுரக் குறியின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பும் மஞ்சளும் வீட்டுக்கு வேண்டாம். நீலம் அல்லது பச்சை. கலக்கும்போது கையுறை போடுங்கள், மிச்சத்தைத் தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், உப்புத் தண்ணீரும் கொடுக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு, டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டர் முதலில் கேட்பது மருந்தின் பெயரைத்தான்.